அட்டை கையில், பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் நாளிதழைப் புரட்டினால், வாக்காளர் அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தபடி வாக்குச்சாவடி வாசலில் நின்று முறையிடும் சிலரின் படம் தவறாமல் இடம்பெற்றிருக்கும். அவர்களுடைய பெயர் எப்போது, எந்தக் காரணத்தால் வாக்காளர் பட்டியலிலிருந்து போயிற்று, எந்த நாளுக்குள் அதைச் சரிசெய்திருக்கலாம் என்பதெல்லாம் அந்தப் படத்தின் கீழே பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் சில ஆண்டுகள், வீடு வீடாகச் சென்று பட்டியலைச் சரிபார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும், பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் பணியாற்றியவன் என்ற முறையில், விடுபட்டுப்போகும் அந்தச் செய்தியைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2016 சட்டமன்றத் தேர்தலின்போது நான் பொறுப்பேற்றிருந்த வாக்குச்சாவடிக்கு, காலை எட்டு மணி வாக்கில், அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மா வந்தார். அடையாள அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதற்கு ரப்பர் பேண்ட் சுற்றி, மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். பட்டியல் வைத்திருந்த அலுவலர் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அட்டை இருக்கு பாருங்க சார். போன எலெக்சன்லகூட இதே ஸ்கூல்லதான் போட்டேன்" என்றார் அந்த அம்மா. நான் பட்டியலை வாங்கித் தெருப்பெயரையும் வீட்டு எண்ணையும் வைத்துத் தேடினேன். மகன் பெயர் இருந்தது, மருமகள் பெயர் இருந்தது, அவற்றுக்கு மேலே இவருடைய பெயரும் இருந்தது; ஆனால் அதன் குறுக்கே 'நீக்கப்பட்டது' என்று அச்சாகியிருந்தது. பின்னிணைப்பில் காரணமாக ஒற்றை எழுத்துக் குறியீடு கொடுத்திருந்தார்கள்: குடிபெயர்ந்தவர். விசாரித்ததில், வெளியூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காகப் போனவர் ஏழெட்டு மாதம் அங்கேயே தங்கிவிட்டதும், அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து கேட்டவர்களிடம் அக்கம்பக்கத்தார் யாரோ "அவங்க இங்க இல்லீங்க" என்று சொல்லிவிட்டதும் தெரியவந்தது.

அன்றைக்கு நான் அவருக்கு எதுவும் செய்ய முடியவில்லை. வாக்குச்சாவடிக்குள் பெயர் சேர்க்கும் அதிகாரம் தலைமை அலுவலர் உட்பட யாருக்கும் கிடையாது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு, தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவருக்கே வாக்களிக்கும் உரிமை என்று வரையறுக்கிறது. அட்டை என்பது, பட்டியலில் உள்ள அந்த ஆள் இவர்தான் என்று காட்டுவதற்கான சாட்சி மட்டுமே. ஆனால் நம் மக்கள் மனத்தில் அட்டையே ஓட்டு என்று பதிந்துவிட்டது. பெட்டியில் அட்டை இருக்கும்வரை ஓட்டும் இருக்கிறது என்று நம்பி, பட்டியல் பக்கமே திரும்பாமல் ஐந்தாண்டுகளைக் கழிக்கிறோம். டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த 1993-இல்தான் புகைப்பட அடையாள அட்டைக்கான ஆணையே பிறந்தது. அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளும் இந்த நாடு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டுதான் வாக்களித்தது. முதல் பொதுத்தேர்தலுக்காக, முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தலைமையில் பட்டியல் தயாரானபோது, சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்துகொண்ட பெண்களில் சுமார் 28 லட்சம் பேரின் பதிவுகளை ஆணையம் நீக்க நேர்ந்தது என்பது வரலாறு. ஆள் கண்முன் நின்றாலும் பட்டியலில் பெயராக நிற்க வேண்டும் என்ற விதி அன்றைக்கே அவ்வளவு கறாராக இருந்திருக்கிறது.

பட்டியல் எப்போது பூட்டப்படுகிறது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு, அந்தத் தேர்தல் முடியும்வரை, ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ திருத்தவோ முடியாது. விண்ணப்பம் வந்ததும் அதைப் பிறர் பார்வைக்கு வைத்து, ஆட்சேபணைக்கு ஏழு நாள் கொடுத்து, அதன் பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பதால், நடைமுறையில் அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது மார்ச் 16. தமிழ்நாட்டில் வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 27. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பத்து நாளைக் கழித்துப் பார்த்தால் மார்ச் 17 வருகிறது. ஆகவே, தொலைக்காட்சியில் தேர்தல் அறிவிப்பைப் பார்த்தபின் 'சரி, நம் பெயர் இருக்கிறதா பார்ப்போம்' என்று எழுந்தவருக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பிரச்சாரம் சூடுபிடித்து, பூத் சிலிப் வீட்டுக்கு வராத பிறகு பதறுபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தேர்தல் இல்லாத காலத்தில்தான் பட்டியலைப் பார்க்க வேண்டும். அப்போது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை.

புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு இன்று முன்னைவிட வசதி அதிகம். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்த 61-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது என்றாலும், ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியால், ஜனவரி 2-ஆம் நாள் பிறந்த பிள்ளை ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-இல் நிறைவேறிய திருத்தச் சட்டத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உள்ளன. 17 வயது நிரம்பியவரும் முன்கூட்டியே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளலாம், உரிய காலாண்டு வரும்போது பெயர் பட்டியலுக்குப் போகும். நிரப்ப வேண்டியது படிவம் 6. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலும் கைப்பேசிச் செயலியிலும் கைப்பேசி எண்ணைக் கொண்டு உள்நுழைந்து அனுப்பலாம். இணையம் பழக்கமில்லாதவர் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ, வட்டாட்சியர் அலுவலகத்திலோ, விடுமுறை நாட்களில் பள்ளிகளில் நடக்கும் சிறப்பு முகாமிலோ தாளில் எழுதிக் கொடுக்கலாம். கட்டணம் எதுவும் கிடையாது. பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழோ, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ, பான் அட்டையோ, ஓட்டுநர் உரிமமோ போதும். முகவரிக்கு மின் கட்டண ரசீது, எரிவாயு ரசீது, வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஒன்று வேண்டும். ஆதார் எண்ணுக்கான கட்டமும் படிவத்தில் உண்டு. தக்க காரணத்தால் ஆதார் எண் தர இயலாதவரின் விண்ணப்பத்தை அதற்காகவே மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

விண்ணப்பித்தவுடன் ஒரு பார்வை எண் கிடைக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது கதவு பூட்டியிருந்தால் விண்ணப்பம் அங்கேயே தேங்கிப்போகலாம். பார்வை எண் கையில் இருந்தால் அது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அந்த அலுவலரைத் தொலைபேசியில் அழைத்துவிடலாம். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு 1950 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் கதை அத்தோடு முடிவதில்லை: 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அங்கும் சாதகமாக வரவில்லை என்றால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் செல்லலாம். என் பணிக்காலத்தில் மறுக்கப்பட்ட படிவங்களைப் பல பார்த்திருக்கிறேன்; மேல்முறையீட்டு மனு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் சொந்த ஊரிலோ விடுதி இருக்கும் ஊரிலோ, தாங்கள் விரும்பும் ஓரிடத்தில் பதிந்துகொள்ளலாம். விடுதி முகவரியில் பதிய, கல்வி நிறுவனத் தலைவரின் சான்று வேண்டும். வீடே இல்லாமல் நடைபாதையில் உறங்குபவருக்கும் இந்த நாட்டில் வாக்கு உண்டு. அவரிடம் முகவரிச் சான்று கேட்கக் கூடாது. அவர் குறிப்பிட்ட இடத்தில் உண்மையிலேயே உறங்குகிறாரா என்று நிலை அலுவலர் இரவில் சென்று பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பதே விதி. ஆணையத்தின் விதிமுறைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் இரவில் போய்ப் பார்ப்பதற்குப் பகல் முழுவதும் வகுப்பெடுத்த ஆசிரியர் ஒருவரைத்தான் அனுப்புகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஆண்டுக்கணக்கில் ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த நான், ஓய்வு பெற்று மகன் வீட்டோடு வேறொரு நகரத்துக்குக் குடிபோனபோது, அவசரத்தில் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்துவிட்டேன். புதிய முகவரியில் பெயர் ஏறியது, புதிய அட்டையும் அஞ்சலில் வந்தது; பழைய ஊரில் என் பெயர் அப்படியே இருந்தது. ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் இருக்கக் கூடாது என்பது 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. வேறெங்கும் என் பெயர் இல்லை என்று படிவத்தின் அடியில் நானே கையெழுத்திட்டிருந்தேன். தெரிந்தே பொய்யான உறுதிமொழி அளித்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று 31-ஆவது பிரிவு சொல்வதை வகுப்பெடுப்பதுபோல் பிறருக்கு விளக்கியவன் நான். பழைய ஊரில் எனக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, "சார், உங்க பேரு ரெண்டு எடத்துல வருது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. படிவம் 7 கொடுத்து என் பெயரை நானே நீக்கிக்கொண்டேன்.

நான் கொடுத்திருக்க வேண்டியது படிவம் 8. வீடு மாறினால், அது அடுத்த தெருவானாலும் அடுத்த மாவட்டமானாலும், படிவம் 8. பெயரில் எழுத்துப்பிழை, வயதில் தவறு, பழைய புகைப்படம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறிக்க வேண்டுதல் எல்லாவற்றுக்கும் அதே படிவம் 8. இதற்கு முன் தொகுதிக்குள் இடம் மாறுவதற்குத் தனிப்படிவம் இருந்தது. 2022-க்குப் பிறகு எல்லாம் ஒன்றாகிவிட்டது. பட்டியலில் எங்குமே பெயர் இல்லாதவருக்கு மட்டுமே படிவம் 6 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இரட்டைப் பதிவுகள் என்று குற்றம் சாட்டப்படுபவற்றில் கணிசமானவை பிறக்கவே பிறக்காது என்பது என் அனுபவம். அவற்றுள் பெரும்பாலானவற்றில் கள்ள ஓட்டுத் திட்டம் எதுவும் இருக்காது, என்னைப் போன்ற ஓர் அவசரக்காரர்தான் இருப்பார்.

இதோடு ஒட்டியது சொந்த ஊர்ப் பாசம். சென்னையிலோ கோவையிலோ இருபது ஆண்டுகளாகக் குடியிருந்து, பிள்ளைகளை அங்கேயே படிக்கவைத்து, குடிநீர் வரவில்லை என்று அங்குள்ள மாமன்ற உறுப்பினரிடம் சண்டை போடுகிறவர்கூட, ஓட்டு மட்டும் ஊரில் இருக்கட்டும் என்கிறார். "அங்க வீடு இருக்குல்ல" என்பது அவர் சொல்லும் நியாயம். ஒரு வீட்டை உடைமையாக வைத்திருப்பதாலேயே ஒருவர் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவராகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தற்காலிகமாக வெளியூர் போயிருப்பதாலேயே ஒருவர் குடியிருப்பை இழந்தவராகவும் ஆகிவிட மாட்டார். ஆகவே, மகளின் பிரசவத்துக்குப் போன அந்த அம்மாவின் பெயரை நீக்கியது சட்டப்படி தவறு. குடியிருப்பில்லை என்று கருதி ஒரு பெயரை நீக்குவதற்கு முன் உரியவருக்குத் தம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பளிக்க வேண்டும் என்று 22-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. அந்த அறிவிப்பு பூட்டிய வீட்டுக் கதவில் செருகப்பட்டதா, அக்கம்பக்கத்தில் யார் கையிலாவது கொடுக்கப்பட்டதா, அனுப்பப்படவே இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவர் கைக்கு வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

பட்டியலில் இருக்கக் கூடாத பெயர்களைப் பற்றிப் பேசும்போது இறந்தவர்களின் பெயர்கள் முதலில் சொல்லப்படுகின்றன. அவற்றை நீக்கும் வேலை எப்படிப்பட்டது என்பதை அந்த வேலையைச் செய்தவர்களே அறிவார்கள். குடும்பத் தலைவர் இறந்து ஓராண்டு ஆன வீட்டில் போய், "ஐயா பேரை எடுத்துடலாமா?" என்று கேட்டால், படிவம் 7-இல் கையெழுத்துப் போட நீட்டிய கை பின்னால் போய்விடும். வாரிசுச் சான்றுக்கும் வங்கிக் கணக்குக்கும் இறப்புச் சான்றிதழ் வாங்கியவர்கள், இந்த ஒரு பட்டியலிலாவது அவர் இருக்கட்டுமே என்று நினைக்கிறார்கள். ஒரு வீட்டில் அவருடைய மனைவி, "அடுத்த தேர்தலுக்கு வாங்க சார், அப்பப் பாத்துக்கலாம்" என்று சொல்லி எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறப்பைப் பதிவு செய்யும் அலுவலகத்திலிருந்தே தகவல் வாக்காளர் பதிவு அலுவலருக்குத் தானாகச் சென்றுவிட்டால், துக்க வீட்டில் போய் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதே இல்லை.

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ஆம் நாள் தொடங்கிய, வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைப் (எஸ்.ஐ.ஆர்.) பற்றி வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதற்கு முன் பட்டியலில் சுமார் 6.41 கோடிப் பெயர்கள் இருந்தன. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் இருந்தவை சுமார் 5.43 கோடி. இறந்தோர், குடிபெயர்ந்தோர், இரட்டைப் பதிவுகள் என்று காரணங்கள் கூறப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கும் என்பதை வீடு வீடாக நடந்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு குப்பை சேரும்வரை ஆண்டுதோறும் நடந்த சுருக்கத் திருத்தங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்ற கேள்வியும் எனக்கு உண்டு. பட்டியலைத் தூய்மைப்படுத்துவதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் முந்தைய தீவிரத் திருத்தக் காலத்துப் பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில் இருந்தது என்று தேடி எழுதும் பொறுப்பு, கூலி வேலைக்குப் போகும் ஒருவர் தலையில் ஒரு மாத காலத்துக்குள் சுமத்தப்பட்டபோது, கதவைத் தட்டியும் ஆள் இல்லாத வீடுகள் எத்தனை இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வரைவுப் பட்டியலில் விடுபட்டவர் மீண்டும் சேர வழி இருக்கிறது. தான் விடுபட்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்பதே பிரச்சினை.

வாக்குப்பதிவு நாளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும், ஏனெனில் அன்றைக்கு நடக்கும் தகராறுகளில் பாதி, வாட்ஸ்அப்பில் பரவும் தவறான செய்திகளால் வருகின்றன. 'பட்டியலில் உங்கள் பெயர் இல்லையா? ஆதார் அட்டையைக் காட்டி 49ஏ பிரிவின்படி சேலஞ்ச் ஓட்டு போடுங்கள்' என்று ஒரு செய்தி 2019 முதல் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதுப்பிறவி எடுத்து வருகிறது. அப்படி ஒரு வழி கிடையாது. சவால் வாக்கு என்பது, வந்திருப்பவர் உண்மையான வாக்காளர் அல்லர் என்று வேட்பாளரின் முகவர் ஒருவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. பெயர் இல்லாதவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டுப் போயிருந்தால் நிலைமை வேறு. தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் சரியாகப் பதில் சொன்னால், தேர்தல் நடத்தை விதிகளின் 49பி (49P) விதியின்படி உங்களுக்கு வாக்குச்சீட்டு கொடுத்து, நீங்கள் முத்திரையிட்டதை ஓர் உறையில் தனியே வைப்பார்கள். அதை ஆய்வுக்குரிய வாக்கு என்பார்கள். அவை 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்பதும் அதே வாட்ஸ்அப் செய்தியின் இரண்டாம் பகுதி; அதுவும் பொய்தான்.

அடையாள அட்டை தொலைந்துவிட்டது, பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது என்றால் தயங்காமல் வரலாம். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறுநாள் வேலை அட்டை, புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை போன்றவற்றுள் ஒன்று போதும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் முதலில் எடுத்து நீட்டும் ரேஷன் ஸ்மார்ட் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப்பும் 2019 முதல் அடையாளச் சான்றாக ஏற்கப்படுவதில்லை, அது பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். இந்த இரண்டையும் நம்பி வந்து, வெயிலில் வரிசையில் நின்று, உள்ளே வந்தபின் திரும்பி வீட்டுக்கு ஓடியவர்கள் எத்தனையோ பேர். அட்டையில் 'சுந்தரம்', பட்டியலில் 'சுந்தர்' என்பது போன்ற சிறு பிழைகளுக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் வரிசையில் வந்து நின்றுவிட்டவருக்கு டோக்கன் கொடுப்பார்கள், இருட்டினாலும் அவர் வாக்களித்துவிட்டுத்தான் போகலாம். 85 வயதைக் கடந்தவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்களிக்க, தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை என்பது தினக்கூலித் தொழிலாளிக்கும் பொருந்தும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி (135B) பிரிவு சொல்வதைக் கட்டட வேலை செய்பவர்களிடம் சொன்னால் அவர்கள் சிரிக்கிறார்கள்.

ஆணையத்துக்கும் மாவட்ட நிர்வாகங்களுக்கும் தங்கள் வாயிலாக என் வேண்டுகோள் இதுதான். வரைவுப் பட்டியலைப் பள்ளிச் சுவரில் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன; அவற்றுள் அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடப்பவற்றிலாவது, நீக்க உத்தேசித்துள்ள பெயர்களை மட்டுமாவது உரக்கப் படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவரும் தன் பெயர் காதில் விழுந்தால் எழுந்து நிற்பார். அவர் வராவிட்டாலும் "அவரு மகன் வீட்டுக்குப் போயிருக்காரு, தை மாசம் வந்துருவாரு" என்று சொல்ல ஊரில் ஒருவர் இருப்பார். நகரங்களில் அந்தப் பெயர்களை ரேஷன் கடை வாசலில் ஒட்டலாம்; பள்ளிச் சுவரைவிட அங்கேதான் கண்கள் அதிகம். தங்கள் நாளிதழும் ஒவ்வொரு தகுதி நாளுக்கும் ஒரு மாதம் முன்னதாக, எந்தப் படிவம் எதற்கு என்பதையும் கடைசி நாளையும் முதல் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், வாக்குப்பதிவுக்கு மறுநாள் வெளியிடும் அந்தப் படத்துக்கு ஆட்கள் குறைவார்கள்.

மஞ்சள் பையோடு வந்த அந்த அம்மா, அடுத்து நடந்த சிறப்பு முகாமுக்கு வந்து மீண்டும் பெயர் சேர்த்துக்கொண்டார். படிவம் 6-இல், இந்த முகவரியில் எந்த மாதம், எந்த ஆண்டு முதல் குடியிருக்கிறீர்கள் என்றொரு கேள்வி உண்டு. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து" என்று எழுதச் சொன்னார். எந்த வருடம் என்று கேட்டதற்கு, "எம்.ஜி.ஆர். மொதல்மொறை ஜெயிச்சாரே, அந்த ஆடி கழிஞ்சு வந்த ஆவணி" என்றார். 1977 ஆகஸ்ட் என்று எழுதிக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர்